ரிச்சி ஸ்ட்ரீட்டில் எக்ஸ்பி இன்னும் சாகலை!

ஞாயித்துக்கிழமை மட்டும் போயிடாதீங்க பாஸ். முக்கால்வாசிக் கடை லீவு. மத்த நாள்ல காலையில பதினோரு மணிக்கு மேல, அரசினர் தோட்டம் மெட்ரோவுல இறங்கி, அண்ணா சாலையில ரெண்டு பேர்கிட்ட வழி கேட்டா மூணாவது ஆள் தானாவே வந்து "என்ன வேணும் தம்பி? லேப்டாப்பா, சிசிடிவியா, செல் டிஸ்ப்ளேயா?"ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிடுவார். அவ்ளோதான், ரிச்சி ஸ்ட்ரீட் வந்தாச்சு!

தெரு போர்டுல நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருன்னு வேற வேற பேர் இருக்கும். கண்டுக்காதீங்க. ஊருக்கு எல்லாமே ரிச்சி ஸ்ட்ரீட்தான். ரேடியோ ஸ்பேர் பார்ட்ஸ் வித்த சின்னத் தெரு, டி.வி., கேசட், அசெம்பிள்டு கம்ப்யூட்டர், செல்போன்னு காலத்துக்கு ஒரு வேஷம் கட்டி இன்னிக்கு இப்படி வீங்கி நிக்குது. ரெண்டு பைக் எதிர் எதிரா வந்தா ஒருத்தர் வயித்தை எக்கணும். சால்டரிங் வாசனை, சமோசா வாசனை, மழை பேஞ்சிருந்தா சொல்லவே வேணாம்... இன்னொரு வாசனை. மினி பிராஜெக்ட்டுக்கு ஆர்டினோவும் சென்சாரும் வாங்க அலைஞ்ச எலெக்ட்ரானிக்ஸ் மக்களுக்கு இது குலதெய்வக் கோயில்.

ஆனா இன்னிக்கு உங்களைக் கூட்டிட்டுப் போறது பளபளன்னு இருக்கற முன்வரிசைக் கடைகளுக்கு இல்ல. அதைத் தாண்டி சந்துக்குள்ள, மாடிப்படிக்குக் கீழே, பழைய கம்ப்யூட்டர் விக்கிற கடைகளுக்கு. ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்கு ஒரு செகண்ட்ஹேண்ட் சிஸ்டம் தேவைப்படுதுன்னு வெச்சுக்குங்க. வாங்க.

உள்ளே போனதும் கண்ல படறது சுவர் உசரத்துக்கு அடுக்கி வெச்ச கறுப்பு டப்பாக்கள். எல்லாமே ஆபீஸ்ல இருந்து கழிச்சு அனுப்பின டெஸ்க்டாப். பாதி கிழிஞ்ச கம்பெனி ஸ்டிக்கர் இன்னும் நெத்தியில ஒட்டியிருக்கும். தூக்கிப் பார்த்தா கீறல்கூட இல்ல. ஐ5 பிராசஸர், எட்டு ஜி.பி. ரேம். "இவ்ளோ நல்ல சிஸ்டத்தை ஏன்ணே தூக்கிப் போட்டாங்க?"ன்னு கேட்டா கடைக்கார அண்ணன் சிரிக்கிறார். "அவங்களுக்குப் பழசாயிடுச்சு தம்பி. நமக்கு என்ன பழசு?"

காரணம் ஒரு தேதி. 2025 அக்டோபர் 14. அன்னியோட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவச சப்போர்ட்டை நிறுத்திடுச்சு. சரி, விண்டோஸ் 11-க்கு மாறிக்கலாமேன்னா, அதுக்கு டி.பி.எம். 2.0-ன்னு ஒரு பாதுகாப்பு சிப் வேணும், இன்டெல்லா இருந்தா பொதுவா எட்டாவது தலைமுறைக்கு மேல இருக்கணும்னு கண்டிஷன். ஆறாவது, ஏழாவது தலைமுறை மெஷினெல்லாம் நல்லா ஓடிட்டு இருந்தும் ஒரே ராத்திரியில 'தகுதி இல்லை' லிஸ்ட்டுக்குப் போயிடுச்சு. பெரிய கம்பெனிக்காரன் ஆடிட்டுக்குப் பயந்து மாத்திட்டான். அவன் கழிச்சது லாரியில ஏறி எங்கே வரும்? நம்ம மாடிப்படிக்குக் கீழேதான்!

"இதுல விண்டோஸ் 11 ஓடுமாண்ணே?"

"ஓடும் தம்பி. நானே போட்டுக் குடுத்துடறேன். ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் ஃப்ரீ."

"அப்டேட் வருமா?"

"அதை ஆஃப் பண்ணிட்டுத்தான் குடுப்போம். ஆன்ல விட்டா திடீர்னு ஒரு நாள் சுத்திட்டே நிக்கும். கஸ்டமர் நேரா இங்க வந்து சண்டைக்கு நிப்பாங்க. தொல்லையே வேணாம்னு கட் பண்ணிடறது."

கேட்டீங்கள்ல? இந்தக் கடைசி டயலாக்கை மறந்துடாதீங்க. விவகாரமே அதுலதான் இருக்கு.

சப்போர்ட் நின்னுபோன விண்டோஸ், பால் பாக்கெட் மாதிரி மறுநாள் திரிஞ்சு போறதில்ல. அதனாலதான் யாருக்கும் பயமே வர்றதில்ல. நேத்து ஓடின மாதிரியே இன்னிக்கும் ஓடும். சினிமா பார்க்கலாம், சி புரோகிராம் கம்பைல் பண்ணலாம். வெளியே இருந்து பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது.

உள்ளே நடக்கறது வேற. மாசா மாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை (நம்ம ஊர் நேரத்துக்கு ராத்திரி) மைக்ரோசாஃப்ட் ஓட்டைகளை அடைச்சு அப்டேட் விடும். இந்த வழக்கம் 2003-ல இருந்து நடக்குது. அப்டேட் வந்த உடனே நல்லவங்க அதை இன்ஸ்டால் பண்றாங்க. கெட்டவங்களும் டவுன்லோடு பண்றாங்க! எதுக்கு? பழைய ஃபைலையும் புது ஃபைலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எந்த வரியை மாத்தியிருக்கான்னு பார்க்கத்தான். மாத்தின இடம் எதுவோ, ஓட்டை இருந்த இடம் அதுதான். செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த நாளை இந்த வட்டாரத்துல 'எக்ஸ்ப்ளாய்ட் புதன்'னு கிண்டலா சொல்றதே இதனாலதான்.

இப்போ யோசிங்க. விண்டோஸ் 11-ஐ யாரும் முதல் வரியில இருந்து புதுசா எழுதலை. அடியில நிறைய கோடு பத்து, இருபது வருஷமா அப்படியே வருது. அதனால இன்னிக்கு விண்டோஸ் 11-ல அடைச்ச ஓட்டை, பழைய விண்டோஸ்லயும் இருக்க நல்ல சான்ஸ் இருக்கு. புதுசுல அடைச்சாச்சு. பழசுல அடைக்க ஆளே இல்ல. திருடனுக்கு மட்டும் 'இந்த மாடல் பூட்டு இப்படித்தான் திறக்கும்'னு படம் போட்டு விளக்கம் கிடைச்சாச்சு. மாசத்துக்கு ஒரு படம் வீதம் வந்துட்டே இருக்கும். சப்போர்ட் போன சிஸ்டம் சும்மா பழசா நின்னுடறதில்ல, மாசா மாசம் இன்னும் பலவீனமாகுது. எக்ஸ்பியோட நிலைமை இன்னும் கொடுமை. அதோட சோர்ஸ் கோடே 2020 செப்டம்பர்ல நெட்டுல லீக் ஆயிடுச்சு!

"என்கிட்ட ஆன்டி வைரஸ் இருக்கே"ன்னு ஒரு குரல் கேக்குது. ஆன்டி வைரஸ், வாசல்ல உக்கார்ந்திருக்கற வாட்ச்மேன் மாதிரி. முகம் தெரிஞ்ச திருடனை நிறுத்துவார். பின்பக்கம் சுவரே இல்லைன்னா அவர் என்ன பண்ணுவார், பாவம்!

அண்ணன் சொன்ன "அப்டேட்டை கட் பண்ணிடறது"க்கு வருவோம். 2017 மே 12-ம் தேதி, வெள்ளிக்கிழமை. 'வானாக்ரை'ன்னு ஒரு வைரஸ் சில நாள்ல சுமார் 150 நாடுகள்ல ரெண்டு லட்சம் கம்ப்யூட்டருக்கு மேல பூட்டுச்சு. திறக்கணும்னா 300 டாலரை பிட்காயினா குடுன்னு சிவப்புத் திரை. இங்கிலாந்துல அரசு ஆஸ்பத்திரிகள் ஸ்தம்பிச்சுப்போச்சு. 19 ஆயிரத்துக்கு மேல அப்பாயின்ட்மென்ட் ரத்தாகியிருக்கும்னு அந்த நாட்டுத் தணிக்கை அலுவலகமே கணக்கு சொல்லுச்சு. ஆம்புலன்ஸை வேற ஊர் ஆஸ்பத்திரிக்குத் திருப்பி விட்டாங்க. நம்ம பக்கத்துல ஆந்திர போலீஸ் கம்ப்யூட்டர்கள் சிலதும் மாட்டுச்சு.

இதுல கூத்து என்னன்னா, அந்த வைரஸ் நுழைஞ்ச ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ம் தேதியே மருந்து குடுத்தாச்சு. கிட்டத்தட்ட ரெண்டு மாசம் முன்னாடி! ஓட்டையை முதல்ல கண்டுபிடிச்சு, வெளியே சொல்லாம, தன் வேலைக்காகப் பத்திரமா வெச்சிருந்தது அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. அவங்ககிட்ட இருந்து திருட்டுப்போய், ஏப்ரல்ல நெட்டுக்கு வந்து, மே மாசம் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துடுச்சு.

'எக்ஸ்பி வெச்சிருந்தவன் மாட்டினான்'னு அப்போ எல்லாரும் பேசினாங்க. ஆனா காஸ்பர்ஸ்கை கம்பெனி எண்ணிப் பார்த்தப்போ, மாட்டினதுல சுமார் 98 சதவிகிதம் விண்டோஸ் 7. அதுக்கு அப்போ சப்போர்ட் இருந்துச்சு பாஸ், 2020 ஜனவரி 14 வரைக்கும்! மருந்து வாசல்ல வந்து நின்னும் கதவைத் திறக்காதவங்கதான் மாட்டினாங்க. எக்ஸ்பி மெஷின்ல பலது வைரஸை ஓடவிடாம, தானே நீலத்திரை காட்டி மயங்கி விழுந்துடுச்சாம். நோஞ்சானா இருந்ததே காப்பாத்தியிருக்கு! அப்பவும் சும்மா விடலை. சப்போர்ட் முடிஞ்சு மூணு வருஷம் ஆன எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமா மருந்து விட்டது. அந்தளவுக்கு நிலைமை.

வைரஸை நிறுத்தினது யாருன்னு தெரியுமா? மார்க்கஸ் ஹட்சின்ஸ். இங்கிலாந்துல கடலோர ஊர் ஒண்ணுல இருந்த 22 வயசுப் பையன். வைரஸோட கோடுக்குள்ள வாய்க்குள்ளயே நுழையாத ஒரு வெப்சைட் பேர் இருந்துச்சு. அது யார் பேர்லயும் இல்லைன்னு பார்த்து, பத்து டாலர் சொச்சம் கட்டி தன் பேர்ல பதிவு பண்ணிட்டார். அந்த சைட் உயிரோட இருந்தா வைரஸ் பரவாம நின்னுடும்னு எழுதியிருக்கு, அது அவருக்கே அப்புறம்தான் தெரியும்! (இவரே டீன் ஏஜ்ல வைரஸ் எழுதின கேஸ்ல பின்னாடி அமெரிக்காவுல மாட்டினது தனிக் கதை.)

ஆக, விண்டோஸ் 11-ஏ போட்டு வாங்கினாலும் அப்டேட்டைப் பிடுங்கிட்டா நீங்களும் அதே கூட்டத்துலதான். அதுவும் தகுதி இல்லாத மெஷின்ல குறுக்கு வழியில ஏத்தின விண்டோஸ் 11-க்கு அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் கேரன்ட்டி குடுக்கறதில்ல. மாசாந்திர அப்டேட் பெரும்பாலும் வந்துடுது. வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற பெரிய வெர்ஷன் தானா வராது. ஒவ்வொரு வெர்ஷனுக்கும் வீட்டு உபயோகத்துக்கு ரெண்டு வருஷம்தான் ஆயுசு. அதுக்குள்ள நீங்களே மெனக்கெட்டு ஏத்தலைன்னா, புது விண்டோஸே பழைய விண்டோஸ்தான்.

அதனால கடையிலயே நின்னு பாருங்க. விண்டோஸ் பட்டனோட 'ஆர்' அழுத்தி, வர்ற பெட்டியில 'வின்வெர்'னு அடிச்சா வெர்ஷன் தெரியும் (விண்டோஸோட வின், வெர்ஷனோட வெர்). அப்புறம் செட்டிங்ஸ்ல அப்டேட் ஹிஸ்டரி. கடைசித் தேதி ஆறு மாசம் முன்னாடின்னா விலையில குறைச்சுக் கேளுங்க. நான் கேட்டேன். "காலேஜ் பசங்களே இப்படித்தான்"னு அலுத்துக்கிட்டார். ஆனா எரநூறு ரூபா குறைச்சார்!

அதே சந்துல இன்னும் உள்ளே போனா ரிச்சி ஸ்ட்ரீட்டோட மியூசியம் வரும். டேபிள் மேல பச்சை மதர்போர்டுகளைத் தோசை மாதிரி அடுக்கி, கரண்ட் குடுத்து ஒண்ணொண்ணா உயிர் இருக்கான்னு பார்க்கறார் ஒரு பெரியவர். பென்டியம் 4, கோர் டூ டுயோ... பாதி நம்ம வயசுக்கு மூத்தது. மானிட்டர்ல நீல வானம், பச்சைப் புல்வெளி. அட, எக்ஸ்பி! சின்ன வயசுல பிரவுசிங் சென்டர்ல கேம் விளையாடின ஞாபகம் வந்து ஒரு செகண்ட் கண்ணே கலங்குது.

"இதை இன்னும் யாருங்கய்யா வாங்கறாங்க?"

"ஏன் வாங்க மாட்டாங்க? லேத் ஒர்க்‌ஷாப், எம்ப்ராய்டரி மெஷின், பிரிண்டிங் பிரஸ்... எல்லாரும் வருவாங்க. திருவல்லிக்கேணியில டி.டி.பி. வெச்சிருக்கற பாய் ஒருத்தர் வருஷத்துக்கு ஒரு போர்டாவது எடுத்துட்டுப் போயிடுவாரு. பின்னாடி பெரிய போர்ட் இருக்கறதா பார்த்துக் கேப்பாரு."

2001-ல வந்து, 2014 ஏப்ரல் 8-ம் தேதி மைக்ரோசாஃப்ட் கைகழுவின எக்ஸ்பிக்கு இன்னிக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் தேடி ஒருத்தர் வர்றார்னா, அவரைப் பார்க்காம எப்படி? கடை இருக்கற இடத்தைக் கேட்டுக்கிட்டு அண்ணா சாலையைத் தாண்டினோம்.

வழியில ஒரு ஏ.டி.எம். கண்ணாடிக்குள்ள சமர்த்தா நிக்குதே, அந்தப் பொட்டிக்குள்ளயும் ரொம்ப வருஷம் எக்ஸ்பிதான் இருந்துச்சு. நம்ம ரிசர்வ் வங்கி 2018 ஜூன் மாசம் எல்லா பாங்க்குக்கும் கறாரா ஒரு உத்தரவு போட்டது. சப்போர்ட் போன ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடற ஏ.டி.எம்.மை எல்லாம் தவணை போட்டு, 2019 ஜூனுக்குள்ள மொத்தமா மாத்தியாகணும்னு சொல்லுச்சு. முதல் வேலையா யூ.எஸ்.பி. போர்ட்டை மூடுங்க, பயாஸ் பாஸ்வேர்டு போடுங்கன்னும் அதுல இருந்துச்சு. எக்ஸ்பி செத்து நாலு வருஷத்துக்கு அப்புறம் வந்த உத்தரவு இது. அது வரைக்கும் நம்ம அம்மா அப்பா சம்பளத்தை எண்ணிக் குடுத்தது யாருன்னு நினைச்சா லேசா அடிவயிறு கலங்கும்.

எல்லீஸ் ரோடு வழியா திருவல்லிக்கேணிக்குள்ள நுழைஞ்சா மேன்ஷன், மெஸ், ஜெராக்ஸ், மேன்ஷன், மெஸ், ஜெராக்ஸ். இன்டர்வியூவுக்கு ஊர்ல இருந்து வந்து தங்கியிருக்கற அண்ணன்களோட ரெஸ்யூம் எல்லாம் இந்த ஏரியாவுலதான் பிரிண்ட் ஆகுது. பாய் கடை ஒரு மாடிப்படி ஓரத்துல இருக்கு. எட்டடிக்கு ஆறடி. சுவர் முழுக்கக் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சாம்பிள். பாய்க்கு அம்பது வயசுக்கு மேல இருக்கும். பத்திரிகைக்காகன்னதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு டீ சொல்லிட்டார்.

"ஏன் பாய் இன்னும் எக்ஸ்பி?"

"ஆசையா தம்பி?"ன்னு சிரிச்சுட்டு மெஷினைத் திருப்பிக் காட்டினார். பின்னாடி 25 ஓட்டை இருக்கற பழைய பிரிண்டர் போர்ட்டுல கட்டை விரல் சைஸ்ல ஒரு டப்பா சொருகியிருக்கு. அதுக்குப் பேர் ஹார்டுவேர் லாக். அவர் அந்தக் காலத்துல பல்லாயிரம் ரூபா குடுத்து வாங்கின தமிழ் எழுத்துரு சாஃப்ட்வேரோட சாவி அதுதான். அது சொருகியிருந்தாதான் தமிழ் வரும். புது மதர்போர்டுல அந்த போர்ட்டே கிடையாது. அதுக்கு மேல, அவர் டிசைன் எல்லாம் பேஜ்மேக்கர்ல. பேஜ்மேக்கரோட கடைசி வெர்ஷனான 7 வந்தது 2001-ல. நாம இப்போ போன்ல அடிக்கற யூனிகோட் தமிழ் அதுக்குத் தெரியாது. இருபது வருஷத்துல சேர்ந்த பத்திரிகை, பில் புக், நோட்டீஸ், கோயில் திருவிழா அழைப்பிதழ்... அத்தனையும் பழைய எழுத்துருவுல. புது சிஸ்டத்துல திறந்தா 'உற்றார் உறவினர்' எல்லாம் ஜிலேபி ஜிலேபியா வரும்!

"போன வாரம்கூட ஒருத்தர் வந்தாரு தம்பி. 2006-ல அவர் கல்யாணப் பத்திரிகை நான்தான் அடிச்சேன். இப்போ பொண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. அதே பார்டர், அதே எழுத்து வேணும்னாரு. இந்த மெஷின் இல்லைன்னா நான் எங்கே போறது?"

நியாயம்தானே? 'அப்டேட் பண்ணுங்க பாய்'னு சொல்ற உரிமை நமக்கு என்ன இருக்கு? பழைய சிஸ்டம் வெச்சிருக்கறவங்க எல்லாம் சோம்பேறின்னு நம்ம கம்ப்யூட்டர் சயின்ஸ் வாத்தியார்கள் சொல்றது சும்மா. ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின்ல இருந்து பாய் கடை வரைக்கும் கதை ஒண்ணுதான். கம்ப்யூட்டர் மாத்த பத்தாயிரம் போதும். அதோட கட்டிப்போட்ட மெஷினையோ தொழிலையோ மாத்தறதுதான் பல லட்சம்.

ஆனா பாய் அடிபட்டிருக்கார். சில வருஷம் முன்னாடி, தை மாசக் கல்யாண சீசன். டிசைனை கஸ்டமருக்கு மெயில் அனுப்பறதுக்காக இதே எக்ஸ்பி மெஷின்ல நெட்டும் இருந்துச்சு. ஒரு நாள் காலையில கடை திறந்தா ஒரு ஃபைலும் திறக்கலை. எல்லாப் பேருக்கும் பின்னாடி புரியாத நாலெழுத்து ஒட்டியிருக்கு. நடுவுல இங்கிலீஷ்ல ஒரு கடுதாசி. காசு குடுத்தா சாவி. "பிட்காயின்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்"கிறார். அடிக்க வேண்டிய பத்திரிகை நாலு. முகூர்த்தத்துக்கு ரெண்டு வாரம். ராத்திரி ரெண்டு நாள் கண் முழிச்சு மறுபடி டைப் அடிச்சார். பழசுல சி.டி.யில எழுதி வெச்சிருந்தது மட்டும் தப்பிச்சது. மத்தது போனது போனதுதான். காசு குடுக்கலையான்னு கேட்டேன். "குடுத்தா மட்டும் திறப்பான்னு யார் சொன்னா தம்பி?"

அதுல அவருக்குப் பெரிய வருத்தம் பத்திரிகை போனது இல்லையாம். அந்த மெஷினோட டெஸ்க்டாப்ல ஊர் ஜனங்களோட ஆதார், மார்க் ஷீட், பாங்க் பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் கிடந்துச்சு. பிரிண்ட் எடுக்க வந்தவங்க பென் டிரைவ்ல இருந்து காப்பி பண்ணிட்டு அழிக்காமப் போனது. பூட்டினவன் அதையெல்லாம் எடுத்துட்டும் போனானா, இல்லையா? தெரிஞ்சுக்க வழியே இல்ல. "அவங்க என்னை நம்பிக் குடுத்தது"ன்னு சொல்லிட்டு டீ கிளாஸையே பார்த்துட்டிருந்தார்.

நீங்க கடைசியா எந்த ஜெராக்ஸ் கடையில உங்க ஆதாரை பிரிண்ட் எடுத்தீங்க? அங்க மானிட்டர்ல என்ன விண்டோஸ் ஓடுச்சு? எனக்கும் ஞாபகம் இல்ல பாஸ். வீட்டுல லேட்டஸ்ட் லேப்டாப்பை மாசா மாசம் அப்டேட் பண்ணி வெச்சுட்டு, கவுன்சலிங் ஃபாரம் பிரிண்ட் எடுக்க, குரோம் 109-லயே நின்னுபோன ஒரு விண்டோஸ் 7 மெஷின்ல மெயிலைத் திறந்து பாஸ்வேர்டு அடிச்சுட்டு வர்றோம். (விண்டோஸ் 7-க்கு குரோம் குடுத்த கடைசி வெர்ஷன் அதுதான், 2023 ஜனவரியில.)

இப்போ பாய் கடையில ரெண்டு மெஷின். எக்ஸ்பியில நெட் ஒயரைப் பிடுங்கியாச்சு. ஒயர் சொருகற ஓட்டையிலயே செல்லோ டேப் ஒட்டி வெச்சிருக்கார், கடைப் பையன் மறந்து சொருகிடக் கூடாதுன்னு! பக்கத்துல ரிச்சி ஸ்ட்ரீட்ல இருந்து வாங்கின கறுப்பு டப்பா ஒண்ணு. அதுல லினக்ஸ். சொந்தக்காரப் பையன் ஒருத்தன் போட்டுக் குடுத்தானாம். மெயில், ஆதார், ரெஸ்யூம் எல்லாம் அதுல. லினக்ஸ்னா ஏதோ ஹாஸ்டல் மேதாவிங்க சமாச்சாரம்னு நினைக்காதீங்க. உங்க அக்கா, அண்ணன் வாங்கின அரசு லேப்டாப்ல 'பாஸ்'னு ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? சி-டாக் ஆளுங்க நம்ம சென்னையிலயே செஞ்ச லினக்ஸ்தான் அது. 2014-ல எக்ஸ்பி போனப்போ தமிழக அரசு தன் ஆபீஸ்கள்ல அதைப் போடச் சொல்லுச்சு. எத்தனை ஆபீஸ்ல போட்டாங்கங்கறது... சரி, விடுங்க.

விண்டோஸ் 10-ஐ விட்டு நகர முடியாதவங்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு வருஷக் கூடுதல் சப்போர்ட்னு ஒரு ஸ்கீம் அறிவிச்சது. 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டும். 30 டாலர் கட்டணும், இல்லைன்னா செட்டிங்ஸை அவங்க கிளவுடுல பேக்கப் பண்ணா இலவசம். தள்ளிப்போடறதுக்கு உதவும், அவ்வளவுதான். பழைய பிராஜெக்ட் சாஃப்ட்வேர் ஏதாவது விண்டோஸ் 7-ஐ விட்டா ஓடாதுன்னு அடம்பிடிச்சா, அதை வெர்ச்சுவல் மெஷினுக்குள்ள போட்டு நெட்டைக் கட் பண்ணிடுங்க. மூணாவது வருஷ லேப்ல கத்துக்கறதை ஒரு தடவையாவது யூஸ் பண்ண மாதிரி இருக்கும்!

"நெட் இல்லைன்னா போதும்ல தம்பி? இனிமே பயமில்லையே?"ன்னு பாய் கேட்டார்.

முழுசா இல்லைங்கறதைச் சொல்லியாகணும். தைவான்ல டி.எஸ்.எம்.சி.ன்னு ஒரு கம்பெனி. ஐபோனுக்கு சிப் செய்யற இடம். உலகத்துலயே சுத்தமான, பூட்டின தொழிற்சாலைகள்ல ஒண்ணு. 2018 ஆகஸ்ட் 3-ம் தேதி, புதுசா வந்த ஒரு மெஷினை வைரஸ் ஸ்கேன் பண்ணாம உள் நெட்வொர்க்ல சொருகிட்டாங்க. அதுக்குள்ள ஒளிஞ்சிருந்தது, அதே வானாக்ரையோட தம்பி! அப்டேட் பண்ணாத விண்டோஸ் 7-ல ஓடின மெஷின்கள் வரிசையா நின்னுச்சு. அந்தக் காலாண்டு வருமானத்துல 3 சதவிகிதம் அடிபடும்னு கம்பெனியே அறிவிச்சது. வானாக்ரை வந்து ஒரு வருஷம் தாண்டி, மருந்து வந்து அதுக்கும் மேல ஆகியும் இந்தக் கதி! வைரஸ் ஒயர்ல மட்டும் வர்றதில்ல. கையிலயும் வரும்.

அதுக்கும் பாய் ஒரு ஏற்பாடு வெச்சிருக்கார். அது என்னன்னு நான் கேக்கறதுக்குள்ள வாசல்ல ஆள் வந்துடுச்சு. வியர்வையில நனைஞ்ச ஃபார்மல் சட்டை, கையில ஃபைல். கிண்டியில இன்டர்வியூவாம், ஒரு மணிக்கு.

"பாய், ரெஸ்யூம் ரெண்டு காப்பி. அவசரம்"னு பென் டிரைவை எடுத்து, பழக்கதோஷத்துல எக்ஸ்பி மெஷின் பக்கமே குனிஞ்சான்.

பாய் ஸ்டூல்ல இருந்து எழுந்திரிக்கவே இல்ல. கையை மட்டும் நடுவுல நீட்டினார்.

"அதுல குத்தாதப்பா. இங்க குடு."

கறுப்பு டப்பாவுல சொருகினார். திரையில அந்தப் பையனோட ஃபோல்டர் திறந்துச்சு. 'ரெஸ்யூம் ஃபைனல்', 'ரெஸ்யூம் ஃபைனல் புதுசு', அதுக்கு நடுவுல அவன் போடாத ஒரு ஃபைல், பேரே இல்லாம. பையன் எட்டிப் பார்த்து, "இது என்னது பாய்? என்னோடது இல்லையே"ன்னான்.

"தெரியும்"னு சொல்லிட்டு அதை டெலிட் பண்ணினார் பாய். "காலையில இருந்து உன்னோடது மூணாவது. காப்பி ரெண்டா, மூணா?"